408 ஆட்டம், 410 கோல், 7 தொப்பி: ஜிம்மி மெக்ரோரி விவாத இழை

அக்டோபர் 7: ஒரு வாசகரின் கேள்வி

"ஜிம்மி மெக்ரோரி என்பவர் செல்டிக் கால்பந்து அணிக்காக 408 லீக் ஆட்டங்களில் 410 கோல் அடித்தார் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். இவ்வளவு அடித்தவரை ஸ்காட்லாந்து அணியில் 7 முறைதான் ஆடவைத்தார்களாம். கத்தோலிக்கர் என்பதால் ஒதுக்கினார்கள் என்கிறார்கள். உண்மையா?"

அக்டோபர் 7, இரவு

எண் உண்மை. (நாட்டு அணிக்கு ஆடும் ஆட்டத்தைத் 'தொப்பி' என்பார்கள், தலைப்பில் உள்ள 7 அதுதான்.) காரணமும் உண்மை. கிளாஸ்கோவில் கார்ன்கட் என்ற ஐரிஷ் கத்தோலிக்கக் குடியிருப்பில் 1904-இல் பிறந்தவர். 1922 முதல் 1937 வரை செல்டிக்கில் ஆடினார். செல்டிக் என்றால் கத்தோலிக்கர், அதே ஊரின் எதிரணி ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டன்ட் என்று பிரிந்து கிடந்த ஊர் அது. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு காரணம் வேண்டுமா? முன்வரிசை நடுவில் அவர் ஆட வேண்டிய இடத்தில் காலஹர் என்பவரை வைத்துக்கொண்டார்கள். 1925 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பந்தைக் கால்களுக்கிடையே இடுக்கிக் குட்டிக்கரணம் போட்டு வலைக்குள் விழுந்தாரே, அதே காலஹர்தான்.

அக்டோபர் 8

நேற்று எழுதியதில் இரண்டு பிழைகள். இரண்டையும் வேறொருவர் சுட்டிக்காட்டும் முன் நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது அப்படியில்லை.

முதல் பிழை, 408-உம் 410-உம் முழுக்க செல்டிக் கணக்கு இல்லை. 1923-24 பருவத்தில் அவரை கிளைட்பேங்க் அணிக்குக் கடனாக அனுப்பியிருந்தார்கள். அங்கே 30 ஆட்டம், 13 கோல். கழித்தால் செல்டிக்குக்கு 378 ஆட்டத்தில் 397 கோல். விகிதம் இன்னும் கூடுகிறது என்பதைக் கவனிக்கவும். அந்த 13 கோல்களில் ஒன்று செல்டிக்குக்கு எதிராகவே அடித்தது.

இரண்டாவது பிழைக்கு மன்னிப்பே கிடையாது. குட்டிக்கரணம் போட்டவர் பாட்ஸி காலஹர், அயர்லாந்தில் டோனகல் பக்கம் பிறந்தவர். மெக்ரோரியோடு ஒரே அணியில் ஆடியவர். மெக்ரோரியின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர் ஹ்யூயி காலஹர். இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1925 இறுதி ஆட்டத்தில் டண்டீயை 2-1 என்று வென்றபோது பாட்ஸி சமன் செய்தார், வெற்றி கோலைப் பாய்ந்து தலையால் முட்டிப் போட்டவர் மெக்ரோரி. நான் எதிராளியாக நிறுத்திய மனிதர் உண்மையில் அவருடைய கூட்டாளி.

(அணியின் பெயரைக் 'கெல்டிக்' என்று எழுதும் நண்பருக்கு: மொழிக்கும் இனத்துக்கும் கெல்டிக். இந்த அணிக்கு மட்டும் செல்டிக். கிளாஸ்கோவில் மாற்றிச் சொன்னால் முகத்தைப் பார்த்தே ஊர் புதிது என்று தெரிந்துகொள்வார்கள். நான் பட்டிருக்கிறேன்.)

அக்டோபர் 10

ஹ்யூயி காலஹரைப் பற்றி மூன்று நாளாகப் படித்ததில் என் முதல் பதில் ஆட்டம் காண்கிறது.

1903-இல் பெல்ஸ்ஹில்லில் பிறந்தவர். ஐந்தடி ஐந்து அங்குலம். சிறுவயதில் நிலக்கரிச் சுரங்க வேலை. ஏர்ட்ரி அணிக்காக ஸ்காட்டிஷ் கோப்பையை 1924-இல் வென்றவர். 1925 டிசம்பரில் நியூகாசில் அவரை 6,500 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1926-27-இல் அவரே தலைவர். 38 ஆட்டத்தில் 36 கோல். நியூகாசிலுக்கு லீக் பட்டம். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த அணி இங்கிலாந்து லீக் பட்டத்தைத் தொட்டதில்லை. 1930-இல் செல்சிக்கு 10,000 பவுண்டுக்கு விற்றார்கள். அவர் செல்சி சட்டையோடு நியூகாசில் மைதானத்துக்குத் திரும்பி வந்த அன்று 68,386 பேர் திரண்டார்கள். அது இன்றும் அங்கே சாதனைக் கூட்டம். விற்றுவிட்ட ஆளைப் பார்க்கத்தான் அத்தனை பேரும்.

ஸ்காட்லாந்துக்கு 20 ஆட்டங்கள், இருபதுக்கும் மேல் கோல்கள். இப்படி ஒருவர் அதே இடத்தில், அதே வயதில் இருந்தால் தேர்வுக் குழு என்ன செய்யும்? மெக்ரோரி ஞானஸ்நானம் எந்தக் கோயிலில் பெற்றிருந்தாலும் வரிசையில் நின்றிருக்கத்தான் வேண்டும்.

ஆனாலும் 1928 மட்டும் உறுத்துகிறது. அந்த ஜனவரி 14 அன்று மெக்ரோரி டன்ஃபர்ம்லினுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 8 கோல் அடித்தார், ஆட்டம் 9-0. பருவம் முடியும்போது லீக்கில் 47 கோல். காலஹரோ அந்தக் குளிர்காலத்தில் நடுவரோடு தகராறு செய்து இரண்டு மாதம் தடையில் இருந்தார். ஆட்டம் முடிந்தபின் உடைமாற்றும் அறைக்குப் போய் நடுவரைக் குளியல் தொட்டிக்குள் தள்ளிவிட்டார் என்பதே கதை. மார்ச் 31 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தோடு ஆட்டம். எடுத்தது யாரை? தொட்டிக்காரரைத்தான்.

ஸ்காட்லாந்து 5-1 என்று வென்றது. அலெக்ஸ் ஜாக்சன் 3, அலெக்ஸ் ஜேம்ஸ் 2. 'வெம்பிளி மந்திரவாதிகள்' என்று பெயர் வந்தது. முன்வரிசை ஐவரில் உயரமானவர் ஐந்தடி ஏழு அங்குலம். முந்தின இரவு தலைவர் மெக்மல்லன் அணியினரிடம் மழைக்கு வேண்டிக்கொள்ளுங்கள் என்றாராம். சேற்றில் குள்ளர்களுக்குத்தானே சௌகரியம்? மழையும் பெய்தது.

காலஹர் அன்று கோல் அடிக்கவில்லை. அதை வைத்து வாதாடலாம் என்று நினைத்தேன். 5-1 வென்ற அணியில் யாரைக் குறை சொல்வது?

அக்டோபர் 10, அரைமணி கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. அன்றைய பதினொருவரில் 8 பேர் இங்கிலாந்து லீக் அணிகளில் ஆடியவர்கள். உள்ளூரிலிருந்து கோல்கீப்பர் ஹார்க்னஸ், ஹிபெர்னியனின் டன், ரேஞ்சர்ஸின் ஆலன் மார்ட்டன் மட்டும். அப்படியானால் விலக்கப்பட்டது மதமா, உள்ளூர்க்காரனா?

அக்டோபர் 13

"7 ஆட்டம் என்பது கேவலம், இன்று ஒரே வருடத்தில் ஆடிவிடுவார்கள்" என்று எழுதிய தம்பிக்கு: அன்றைக்கு ஸ்காட்லாந்து வருடத்துக்கு மூன்று ஆட்டம்தான் ஆடும். இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து. ஐரோப்பியக் கண்டத்துக்குள் பயணம் போய் ஆடத் தொடங்கியதே 1929-இல்தான். ஆர்சனலில் நான்கு லீக் பட்டமும் இரண்டு எஃப்.ஏ. கோப்பையும் வென்ற அலெக்ஸ் ஜேம்ஸுக்கே மொத்தம் 8 ஆட்டம். மெக்ரோரியைவிட ஒன்று கூட, அவ்வளவுதான். இன்றைய படியை வைத்து அன்றைய நெல்லை அளக்கக் கூடாது.

410 கோலையும் அதே படியால் அளக்கக் கூடாது என்று பதில் வரும் என்பதால் முந்திக்கொள்கிறேன். 1925 கோடையில் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை பந்து வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். அதை இருவராக்கினார்கள். இங்கிலாந்து முதல் டிவிஷனில் ஒரே வருடத்தில் கோல்கள் 1,192-இலிருந்து 1,703-ஆக ஏறின. அடுத்த சில ஆண்டுகள் தாக்கி ஆடுபவர்களுக்கு அறுவடைக் காலம். 1927-28-இல் எவர்ட்டனின் டிக்ஸி டீன் 60 கோல், ஸ்காட்லாந்து இரண்டாம் டிவிஷனில் ஏர் யுனைடெட்டின் ஜிம்மி ஸ்மித் 66 கோல். பின்காவலர்களுக்கு எங்கே நிற்பதென்றே தெரியாத நேரம்.

மெக்ரோரி அந்த வெள்ளத்தில் மிதந்தவர் என்று இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவருடைய மிகச் சிறந்த பருவம் 1935-36, லீக்கில் 50 கோல். விதி மாறிப் பத்து வருடம் ஆகிவிட்டது, மூன்றாவது பின்காவலரை நடுவில் நிறுத்தப் பழகிவிட்டார்கள், மெக்ரோரிக்கு வயது 31. அந்தப் பருவத்தில்தான் மதர்வெல்லுக்கு எதிராக மூன்று நிமிடத்துக்குள் மூன்று கோல். வெள்ளம் வடிந்த பிறகும் நீந்தினார்.

அக்டோபர் 16

உட்கார்ந்து ஏழு ஆட்டங்களையும் ஒரு தாளில் எழுதினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

1928 பிப்ரவரி, அயர்லாந்து, ஃபர்ஹில்: 0-1 தோல்வி. 1931 மார்ச், இங்கிலாந்து, ஹாம்ப்டன்: 2-0, ஒன்று மெக்ரோரி. அதே வருடம் செப்டம்பர், வட அயர்லாந்து, ஐப்ராக்ஸ்: 3-1, ஒன்று. அக்டோபர், வேல்ஸ், ரெக்ஸம்: 3-2, ஒன்று. 1932, பெல்ஃபாஸ்ட்: 4-0, ஒன்று. 1933 ஏப்ரல், இங்கிலாந்து, ஹாம்ப்டன்: 2-1, இரண்டும் அவரே. 1933 செப்டம்பர், வட அயர்லாந்து: 1-2 தோல்வி.

அவர் கோல் அடித்த ஐந்து ஆட்டமும் வெற்றி. அடிக்காத இரண்டும் தோல்வி. அந்த இரண்டாவது தோல்வியோடு கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த 50 கோல் பருவம் வந்தது, தொப்பி வரவில்லை.

1931 இங்கிலாந்து ஆட்டத்தில் இடம் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. அந்த ஆண்டு இங்கிலாந்து அணிகள் ஸ்காட்டிஷ் வீரர்களை விட மறுத்தன, முழுக்க உள்ளூர்க்காரர்களை எடுக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாதபோது மட்டும் அழைப்பு. வெம்பிளியில் ஒருமுறைகூட ஆடவிடவில்லை. ரெக்ஸமில் கோல் அடித்த அதே பருவத்தின் முடிவில், 1932 ஏப்ரலில், வெம்பிளிக்கு தேர்ட் லனார்க் அணியின் டூவரை அழைத்துப் போனார்கள். 0-3.

ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸில் நடந்த ஆட்டத்தின் தேதியையும் பாருங்கள், 1931 செப்டம்பர் 19. இரண்டு வாரம் முன்பு, 5-ஆம் தேதி, அதே புல்வெளியில்தான் செல்டிக்கின் இளம் கோல்கீப்பர் ஜான் தாம்சன் ரேஞ்சர்ஸ் வீரர் சாம் இங்கிலிஷின் முழங்காலில் தலை மோதி அன்றிரவே இறந்துபோனார். வயது 22. இங்கிலிஷின் காலடியிலிருந்த பந்துக்குத் தாம்சன் பாய்ந்த பாய்ச்சல். யாருடைய தவறும் இல்லை. பதினான்கு நாளில் அங்கேயே திரும்பிப் போய் கோல் அடிப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே தாளை மடித்து வைத்தேன்.

அக்டோபர் 17

கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் கூட்டம் எழுப்பும் 'ஹாம்ப்டன் முழக்கம்' பிறந்தது 1933-இல் மெக்ரோரியின் இரண்டாவது கோலுக்கு என்று ஒருவர், 1929-இல் செய்னி கடைசி நிமிடத்தில் மூலை உதையிலிருந்தே நேரடியாகப் போட்ட கோலுக்கு என்று இன்னொருவர். இருவரும் சண்டையிடுவதை ரசிக்கிறேன். 1933-இல் கூட்டம் 1,30,000-க்கும் மேல். இத்தனை பேர் கத்தினால் எந்த வருடமும் முழக்கமாகத்தான் இருந்திருக்கும்.

அக்டோபர் 20

மெக்ரோரியை 'மனித டார்பிடோ' என்றார்கள். தலையால் முட்டுவதில் அவருக்கு நிகர் இல்லை. அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து, வாய்ப்பகுதியைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும், மழையில் நீர் குடித்துக் கனக்கும். எவ்வளவு கனக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. பழைய சாமான் சந்தையில் கயிறு கட்டிய தோல் பந்து ஒன்று கிடைத்தது. வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கி வைத்து, சமையலறைத் தராசில் ஏற்றினேன். எடையைக் குறித்துக்கொண்டேன். பிறகுதான் நனைப்பதற்கு முன் எடை போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. என் ஆராய்ச்சியின் தரம் இவ்வளவே.

எடை தெரியாவிட்டாலும் கனம் தெரிந்தது. கையிலிருந்து ஒரு சாண் மேலே எறிந்து நெற்றியால் தொட்டேன். முட்டவில்லை, தொட்டேன். கயிற்றுத் தடம் சாயங்காலம்வரை நெற்றியில் இருந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை, வாளியை மட்டும் கழுவி வைக்கச் சொன்னார். ஓடிவந்து பாய்ந்து இதை நூற்றுக்கணக்கான முறை முட்டியிருக்கிறார் அந்த மனிதர்.

அக்டோபர் 26

சனிக்கிழமை கார்ன்கட்டைத் தேடிப் போனேன். வரைபடத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. பெயரை ராய்ஸ்டன் என்று மாற்றி எத்தனையோ வருடம் ஆயிற்று. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முதியவரிடம் ராய்ஸ்டன் எங்கே என்று கேட்டேன். "கார்ன்கட்டா? அடுத்த நிறுத்தம்" என்றார்.

மெக்ரோரி முதலில் ஆடிய செயின்ட் ராக்ஸ் அணி இன்னும் இருக்கிறது. ஜூனியர் அணி என்பார்கள். சிறுவர் அணி என்று நினைத்துவிடாதீர்கள், பெரியவர்கள் ஆடும் கீழ்நிலைப் போட்டிக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். 1922-இல் அவர் இருந்தபோது ஜூனியர் கோப்பையை வென்ற அணி. இன்றைய மைதானத்தின் பெயர் ஜேம்ஸ் மெக்ரோரி பார்க்.

சாரல் மழை. வேலியைப் பிடித்தபடி நின்றவர்களை எண்ணிவிடலாம். பக்கத்தில் ஒருவர் காகிதக் குவளையில் ஆவி பறக்க மிளகுத்தூள் தூவிக் குடித்துக்கொண்டிருந்தார். மிளகு ரசம் மாதிரி இருக்கும் என்று நானும் ஒன்று வாங்கினேன். போவ்ரில். மாட்டிறைச்சிச் சாறு என்பது பாதி குடித்தபின் தெரிந்தது. மீதியையும் குடித்தேன், அவ்வளவு குளிர். பந்து வேலியைத் தாண்டிச் சாலைக்குப் போனபோது ஆட்டம் நின்றது. ஆடுபவர்களில் ஒருவரே ஓடிப்போய் எடுத்துவந்தார்.

அக்டோபர் 28

ஆர்சனல் கதையை யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை.

1928 கோடை. செல்டிக் மேலாளர் வில்லி மேலி, மெக்ரோரியைப் பிரான்ஸில் உள்ள லூர்து மாதா கோயிலுக்கு யாத்திரை அழைத்துப் போகிறார். லண்டன் யூஸ்டன் ரயில் நிலையத்தில் இறங்கினால், 'தற்செயலாக' ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் நிற்கிறார். விஷயம் புரிந்துவிடுகிறது. விலை பேசியாகிவிட்டது, பேசப்பட்டவருக்கு மட்டும் தெரியாது. மெக்ரோரி மறுத்தார். யாத்திரை முடிந்து திரும்பும்போதும் சாப்மன் அதே நகரத்தில் காத்திருந்தார். அப்போதும் மறுத்தார். அந்த அக்டோபரில் ஆர்சனல் போல்ட்டனிலிருந்து டேவிட் ஜாக்கை 10,890 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

செல்டிக்குக்குப் பணமுடை, புதிய பார்வையாளர் அரங்கம் கட்ட வேண்டியிருந்தது. அதுவரை நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது நியாயமில்லை. மெக்ரோரிக்கு வாரம் 8 பவுண்டு, முதல் அணியின் மற்றவர்களுக்கு 9 பவுண்டு என்பது பிற்பாடு தெரியவந்தது. இங்கிலாந்தில் உச்சவரம்பே 8 பவுண்டு என்று லீக் விதி இருந்தது, ஸ்காட்லாந்தில் அப்படி வரம்பில்லை. போக மறுத்ததற்கு வாரம் ஒரு பவுண்டு அபராதம், அதுவும் சொல்லாமல் பிடித்தது.

இதை எழுதும்போது தோன்றுகிறது: இத்தனை நாள் தேர்வுக் குழுவின் மதத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அவரை ஏமாற்றியது சொந்த அணி. அதுவும் மாதா கோயிலுக்குப் போகும் வழியில்.

நவம்பர் 2

"இந்தியர் ஒருவர் செல்டிக்கில் வெறுங்காலோடு ஆடினாராமே" என்ற கேள்விக்கு: ஆமாம், முகமது சலீம், கல்கத்தா முகமடன் ஸ்போர்ட்டிங் வீரர். 1936-இல் கிளாஸ்கோவுக்கு வந்தவர், செல்டிக்கின் இரண்டாம் அணிக்காக ஆடினார். கால்களில் பூட்ஸ் இல்லை, துணிக்கட்டு மட்டும். வீட்டு நினைவு வாட்டியதால் ஊர் திரும்பிவிட்டார். 50 கோல் பருவத்தை முடித்த மெக்ரோரி அப்போது அங்கேதான் இருந்தார். இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று கதை கட்ட ஆசையாக இருக்கிறது. கட்டமாட்டேன்.

நவம்பர் 3

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். கத்தோலிக்கர் என்பதாலா? அதே காலத்தில் செல்டிக்கின் தலைவராக இருந்த வில்லி மெக்ஸ்டே கத்தோலிக்கர், ஸ்காட்லாந்துக்கு 13 ஆட்டம் ஆடியவர். ஆகவே அக்டோபர் 7 இரவு நான் எழுதிய 'காரணமும் உண்மை' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த ஊரில் அந்த வெறுப்பு இல்லை என்று சொல்லவில்லை. இருந்தது. ஏழே ஏழு ஆட்டம் என்பதை அது மட்டும் விளக்கவில்லை. பெரும்பங்கு ஹ்யூயி காலஹர். 1932 வெம்பிளியையும் 1933-க்குப் பிறகான மௌனத்தையும் அவரைக்கொண்டும் விளக்க முடியவில்லை. அங்கே எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

காலஹருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: மணமுறிவு, கடன், திவால், அணிக்கு அணி தாவல். 1957-இல், 54 வயதில், கேட்ஸ்ஹெட்டில் ரயில் பாதையில் உயிர் போயிற்று. அதைப் பற்றி இங்கே தோண்ட வேண்டாம்.

நவம்பர் 9

ஆடி முடித்ததும் 1937 டிசம்பரில் கில்மார்னக் அணிக்கு மேலாளராகப் போனார் மெக்ரோரி. அடுத்த வருடமே கோப்பைப் போட்டியில் செல்டிக்கை வெளியேற்றி இறுதி ஆட்டம்வரை போய், ஈஸ்ட் ஃபைஃபிடம் மறு ஆட்டத்தில் தோற்றார். 1945 முதல் 1965 வரை செல்டிக்கின் மேலாளர். 1957 லீக் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸை 7-1 என்று அடித்தது அவர் காலத்தில்தான்.

ஆனால் அந்த வருடங்களில் பெரும்பாலும் யார் ஆடுவது என்று முடிவுசெய்தவர் கழகத் தலைவர் ராபர்ட் கெல்லி. மேலாளர் அறையில் மெக்ரோரி இருந்தார், பதினொரு பெயர் வேறிடத்திலிருந்து வந்தது. ஆடிய காலத்தில் ஒரு குழு அவர் பெயரை எழுதவில்லை. மேலாளராகி உட்கார்ந்தபோது பெயர் எழுதும் பென்சில் அவர் கையில் இல்லை. இரண்டுக்கும் அவர் சத்தம் போட்டதாக எங்கும் படிக்கவில்லை. எனக்குத்தான் கோபம் வருகிறது.

நவம்பர் 9, பின்குறிப்பு

பந்து என்ன ஆயிற்று என்று மூவர் கேட்டுவிட்டீர்கள். இருபது நாளாக ஜன்னலோரம் இருக்கிறது. இன்னும் காயவில்லை. காய்ந்ததும் எடை போட்டு எழுதுகிறேன்.